ஏழாவது பெயர்

அந்தப் பொய்யைச் சொன்னபோது அது பொய் என்று மல்லிகாவுக்கே தெரியாது.

பிப்ரவரி முதல் வாரம். வெளிமாநிலத் தொழில் நகரமான பிம்ப்ரியில் இருந்த அவள் பள்ளியின் கூட்ட அறையில் ஆசிரியர்கள் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் என்னென்ன சலுகைகள் உண்டு, இந்த வருடம் விதிகளில் என்ன மாறியிருக்கிறது என்று விளக்குவது சிறப்புக் கல்வி ஆசிரியையான மல்லிகாவின் வேலை. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டும். மாணவர் சொல்லச் சொல்ல எழுதித்தர ஒரு ஸ்க்ரைப் வைத்துக்கொள்ளலாம். அவர் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும். முன்பெல்லாம் தேர்வு மையத்தில் சான்றிதழைக் காட்டினால் போதும். இந்த வருடம் அப்படியில்லை. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் பதிவான பெயர்களுக்கு மட்டுமே அனுமதி.

அவள் பேசி முடித்ததும் முதல்வர் ஜோஷுவா ஆங்கிலத்தில் கேட்டார். "நம் பிள்ளைகள் ஏழு பேருமே பதிவாகிவிட்டார்கள்தானே?"

"ஏழு பேரும் ஆச்சு, சார்."

மதியம் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் சுனில் ஒரு காகிதத்தை அச்செடுத்து அவளிடம் நீட்டினான். வாரியத்திலிருந்து வந்த அனுமதிப் பட்டியல். மல்லிகா நின்றபடியே படித்தாள். ஆறு பெயர்கள் இருந்தன. பின்பக்கம் திருப்பினாள். வெற்றுத்தாள்.

"அடுத்த பக்கம் எங்கே?" என்று இந்தியில் கேட்டாள்.

"அவ்வளவுதான் மேடம். ஒரே பக்கம்."

தேஜஸ்வினி ராம்பிரசாத். அந்தப் பெயர் இல்லை.

கணினியில் உட்கார்ந்து இணையதளத்தைத் திறந்தபோது கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாவது முறை திறந்தது. தேஜஸ்வினியின் விண்ணப்பம் அங்கேதான் இருந்தது. புகைப்படம், மருத்துவமனைச் சான்றிதழ், ஸ்க்ரைப் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. மேலே ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு சொல்: வரைவு. சேமித்திருக்கிறாள், அனுப்பவில்லை. நிரப்பிய அன்று சான்றிதழின் கோப்பு பெரிதாக இருந்ததால் ஏற மறுத்தது, அதைச் சுருக்கி ஏற்றுவதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனாள். அனுப்பு என்ற பொத்தானை இப்போது அழுத்திப் பார்த்தாள். கடைசி நாள் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. திரும்ப அழுத்தினாள். அதையே சொன்னது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

தேஜஸ்வினியின் கண்ணில் எழுத்துகள் நிலைத்து நிற்காது. ஒரு பத்தியைப் படிக்க மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் எடுப்பாள். பேனா பிடித்தால் அரைப் பக்கத்தில் விரல்கள் இறுகிவிடும். ஆனால் வாயால் கேட்டால் இதயத்தின் நான்கு அறைகளையும் ரத்தம் போகும் வழியையும் படம் இல்லாமலே சொல்லுவாள். எட்டாம் வகுப்பில், குறைபாடு இன்னதென்று யாருக்கும் தெரியாத நாளில், அரையாண்டுத் தேர்வன்று கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிப் பேசி அவளை வெளியே வரவைத்தது மல்லிகாதான். இப்போது மூன்று மாதமாக ஒன்பதாம் வகுப்பு வைஷு அவளுக்கு ஸ்க்ரைப்பாகப் பழகிக்கொண்டிருந்தாள்.

மல்லிகாவின் முகத்தைப் பார்த்து சுனிலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அரே மேடம், டென்ஷன் எதுக்கு? பெற்றோர் சான்றிதழைத் தாமதமா கொடுத்தாங்கன்னு சொல்லிடலாம். வரவுத் தபால் பதிவேடு என்கிட்டதானே இருக்கு? பிப்ரவரி ரெண்டுன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சது. ஸ்கூலுக்கும் பிரச்சினை இல்ல, உங்களுக்கும் இல்ல."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.  பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், பதில் சொல்லாமல் வந்ததே ஒரு பதில்தான் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து காபி போட்டாள், குடிக்கவில்லை. ஏழு மணிக்கு சாகண் தொழிற்சாலையிலிருந்து திரும்பிய கணவர் துரைசாமி, "ஏன் லைட்டே போடலை?" என்று கேட்டபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது. அவரிடம் சொல்ல நினைத்த நேரத்தில் போன் அடித்தது. தேஜஸ்வினியின் அம்மா ப்ரீத்தி.

"மேம், சாரி, தொந்தரவு பண்றேன். ஹால் டிக்கெட் டவுன்லோட் பண்ணினோம். அதுல ஸ்க்ரைப் பத்தி ஒண்ணுமே போடலையே. அப்படித்தான் வருமா?"

மல்லிகா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அது... தனி லிஸ்ட்டுங்க. ஸ்கூலுக்கு வரும். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

"அப்பாடா. தேஜு கேட்டுண்டே இருந்தா. நீங்க சொன்னா சரி மேம்."

போனை வைத்தாள். காலையில் தெரியாமல் சொன்னது வேறு. இது தெரிந்தே சொன்னது.

"என்ன ஆச்சு?" என்றார் துரைசாமி.

சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்.

"வேலை போயிருமா?"

"போகலாம்."

"அந்தப் புள்ளைக்கு?"

"ஒரு வருசம் போகும். இல்ல, அதுக்கு மேலயும் போகும். அவ மறுபடியும் எங்கயாச்சும் உள்ள போயித் தாழ் போட்டுக்குவாளோன்னுதான் எனக்கு பயமா இருக்குதுங்க."

 அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் பாடவேளையில் தேஜஸ்வினியும் வைஷுவும் பயிற்சிக்கு வந்தார்கள். தேஜஸ்வினி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, வைஷு மடமடவென்று எழுதினாள். முடித்ததும் தேஜஸ்வினி மல்லிகாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"மேம், இந்த டைம் எனக்கு டர் நஹீ லக்தா. ம்... பயம் வரல. சச்சீ, நிஜமா."

மல்லிகாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து நேராக முதல்வர் அறைக்குப் போனாள்.  கதவைத் தட்டும்போது, அவர் உள்ளே இல்லாமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தாள்.

அவர் இருந்தார். மேசை மேல் வரவுத் தபால் பதிவேடு விரிந்திருந்தது.

"உட்காருங்கள். சுனில் எல்லாம் சொன்னான்." ஜோஷுவா பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். பிப்ரவரி இரண்டு, தேஜஸ்வினி ராம்பிரசாத், மருத்துவச் சான்றிதழ். சுனிலின் கையெழுத்து, மை புதிது. "பெற்றோரின் தாமதம் என்றால் வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதலாம். அப்படித்தானே நடந்தது?"

அவர் குரலில் மிரட்டல் இல்லை. களைப்பும், கொஞ்சம் பயமும்தான் இருந்தன. தலையை அசைத்தால் போதும். மல்லிகா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ரீத்தி அந்தச் சான்றிதழுக்காக அரசு மருத்துவமனையில் நான்கு நாள் வரிசையில் நின்றது அவளுக்குத் தெரியும்.

"இல்லை சார். ஜனவரி பன்னிரண்டாம் தேதியே அந்த அம்மா என் கையில் கொடுத்தார்கள். நான்தான் அனுப்பாமல் விட்டுவிட்டேன்."

"இதை எழுத்தில் கொடுத்தால் விசாரணை உங்கள் பெயரில் வரும். என்னால் உங்களைக் காப்பாற்ற முடியாது."

"தெரியும் சார்."

 ஜோஷுவா பேனாவை எடுத்துப் பதிவேட்டில் அந்த வரியைக் குறுக்கே அடித்துக் கையொப்பமிட்டார். "இன்றைக்கே எழுதுங்கள்" என்றார். வெளியே வரும்போது சுனில் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலை பெற்றோரை வரச் சொன்னாள். அப்பா ராம்பிரசாத் அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க வேகமாக வந்தார். மல்லிகா சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள். ப்ரீத்தியின் முகம் வெளிறிப்போனது.

"நேத்து போன்ல கேட்டேனே மேம். தனி லிஸ்ட்டுன்னு சொன்னேளே."

"பயத்துல சொல்லிட்டேங்க. தப்புதான்."

"நீங்க பயந்தேள்னா அதுக்கு எங்க பொண்ணா பலி?" ராம்பிரசாத்தின் குரல் உடைந்தது. "மூணு வருஷமா அவள ராத்திரியில தூங்க வெக்கறதுக்கே நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுமா?"

 மல்லிகா, தன் தவறை ஒப்புக்கொண்டு வாரியத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை அவரிடம் கொடுத்தாள்.

அதற்கடுத்த பத்து நாளில் மல்லிகா வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கு ஐந்து முறை போனாள். முதல் நாள் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார்கள். இரண்டாவது முறை தலைமையகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை அதிகாரி விடுப்பில் இருந்தார். காத்திருக்கும் வரிசையில் உட்கார்ந்து போனைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பாள். மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவாள். ஒருமுறை அது ஏதோ துணிக்கடை விளம்பரம். ஐந்தாவது முறை, தேர்வுக்கு முந்தைய நாள், அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பதில் வரலாம் மேடம். எப்போது என்று என்னால் சொல்ல முடியாது" என்றார்.

முதல் தேர்வான ஆங்கிலத்தன்று காலை ஒன்பது மணிக்கு அவள் மையத்தின் வாசலில் நின்றாள். வேறொரு பள்ளி. சீருடையில் பிள்ளைகள் குவிந்திருந்தார்கள். வைஷுவும் அவள் அப்பாவோடு வந்திருந்தாள். மையக் கண்காணிப்பாளர் பட்டியலைப் பார்த்தார், மல்லிகாவின் கடிதத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "என் கையில் ஆர்டர் இல்லாமல் நான் எப்படி விடுவேன்? மற்றவர்களோடு எழுதட்டும். மூன்று மணி நேரம்."

தேஜஸ்வினி எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. ப்ரீத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்டா, இன்னிக்கு ஆத்துக்குப் போயிடலாம்" என்றாள்.

"ஆப்சென்ட்னு போடுவா மா." அவள் மல்லிகாவைப் பார்த்தாள். "மேம், பூரா எழுத முடியாது. தெரிஞ்சத மட்டும் எழுதட்டா?"

"சின்னக் கேள்விங்கள மொதல்ல முடி. கை வலிச்சா நிறுத்து. நூறு எண்ணிட்டு மறுபடி எழுது. எழுத்துப் பிழையப் பத்தி நினைக்காத. கட்டுரையத் தொடவே வேண்டாம்."

அவள் உள்ளே போனாள். இரும்புக் கதவைச் சாத்தினார்கள்.

மூன்று மணி நேரமும் மல்லிகா எதிர்ப்புற நடைபாதையில் நின்றாள். பதினொன்றரைக்கு ஒரு பியூன் வெளியே ஓடிவந்தபோது அவள் சாலையில் இறங்கிவிட்டாள். அவன் எதிரே இருந்த டபரி என்ற பெட்டிக்கடையில் தேநீர் வாங்கத்தான் வந்திருந்தான். ப்ரீத்தி ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மல்லிகாவுக்கும் அவளுக்கும் நடுவே பத்தடிதான் இருக்கும். 

ஒன்றரை மணிக்குப் பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். தேஜஸ்வினி கடைசியில் வந்தாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை; ஆனால் நடந்து வந்தாள்.

"பாதிக்கு மேல எழுதினேன்" என்றாள். "லெட்டர் ரைட்டிங் தெரியும் மேம். மனசுல பூரா இருந்தது. எழுத டைம் இல்ல." சொல்லிவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அனுமதி இரண்டு நாள் கழித்து வந்தது. மீதித் தேர்வுகளுக்கு ஸ்க்ரைப்பும் கூடுதல் நேரமும் உண்டு. முடிந்த தேர்வுக்கு எதுவும் செய்வதற்கில்லை. வைஷுவோடு தேஜஸ்வினி நான்கு தேர்வுகளைத் தனி அறையில் எழுதினாள். மல்லிகாவுக்குக் குறிப்பாணை வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. தேர்வுப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. வேலை மிஞ்சியது.

மே மாதம் முடிவு வரும் நாளில் அவள் காலையிலிருந்து கணினியைத் தொடவில்லை. மதியம் சுனில்தான் வந்து சொன்னான். அறிவியலில் எண்பத்தெட்டு. சமூக அறிவியலில் எண்பத்தொன்று. ஆங்கிலத்தில் முப்பத்தொன்பது. தேர்ச்சி.

ஜூன் மாதம் ராம்பிரசாத் மகளோடு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்கிறார்களாம். மல்லிகாவின் அறை வாசலில் நின்று, உட்காராமலே சொன்னார்.

"அங்கேயும் இவளுக்கு என்னென்ன வேணும்னு எழுதித் தரணும். அனுமதி எப்ப கேட்டது, எப்ப வந்தது, இங்கிலீஷ் பேப்பர்ல என்ன ஆச்சு, எல்லாம் தேதியோட."

"எழுதித் தரேனுங்க."

அவள் எழுதினாள். எதையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டியபோது தேஜஸ்வினி நடுவில் கையை நீட்டினாள்.

"அப்பா, நான் படிக்கறேன்."

நாற்காலியில் உட்கார்ந்து, வரிக்கு வரி உதடு அசைய, சில இடங்களில் பின்னால் போய்த் திரும்பவும் படித்தாள். ராம்பிரசாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; அவசரப்படுத்தவில்லை. மல்லிகா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பிள்ளை படிக்கும் ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரியும். 

இரண்டாம் பத்தியில் தேஜஸ்வினி நிமிர்ந்தாள்.

"மேம், இங்க ஒரு டேட் தப்பு. எக்ஸாம் பதினேழாந்தேதி. நீங்க பதினாறுன்னு போட்டிருக்கேள்."

மல்லிகா எட்டிப் பார்த்தாள். தப்புதான். காகிதத்தை வாங்கி, முழுவதையும் முதலிலிருந்து மறுபடி எழுதினாள்.