வீட்டுச் சாட்சி

டயர்க் கடைக்காரர் தம் தேவாலயச் சபையில் மூப்பர் ஆக வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாய்ப் பாடுபட்டவள் அவர் மனைவிதான். அவருக்கே அது ஆச்சரியம். போன மழைக்காலம் முதல் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

காரணம் ஊரறிந்தது. சனிக்கிழமை மாலைகளில் அவள் வேதபாட வகுப்பு எடுத்துவந்தாள். டீச்சர் என்றால் சபையில் அவள்தான். நாற்காலி போதாமல் ஆட்கள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார்கள். அதே நேரத்தில் அடுத்த அறையில் டயர்க் கடைக்காரர் நடத்திய ஜெபக்கூட்டத்துக்கு அவரும் மின்விசிறியும் மட்டுமே தவறாமல் வந்தார்கள். மனிதர் பொறுத்துப் பார்த்தார். பிறகு கமிட்டியில் எழுந்து, பெண்கள் சபையில் பேசலாகாது என்று வேதமே சொல்லியிருக்கும்போது நாம் எந்த மூலைக்கு என்று உருகினார். தூக்கக் கலக்கத்தில் இருந்த கமிட்டி கை தூக்கியது. இனி ஆலயத்துக்குள் பெண்கள் எல்லோரோடும் சேர்ந்து பாடலாம். தனியாக வாய் திறக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு அதை மைக்கில் வாசித்தவரும் அவரே. மனைவிக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று வீட்டில் கேட்டாள்.

"தலை எதுக்கு உடம்புகிட்ட கேக்கணும்?" என்றார். சொன்ன அழகில் தானே சொக்கி, இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மன்னிக்கிற மனசைக் கேட்டு அவள் முழங்காலிட்டாள் என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும். அவள் கேட்டது வேறு. அவர் ஏங்குகிற மூப்பர் நாற்காலி அவர் கைக்கு எட்டுகிற தூரம்வரை வர வேண்டும். அவ்வளவுதான்.

வந்தது. மூப்பர் ஒருவர் காலமானார். "எங்க வீட்டுக்காரரைப் போடுங்களேன், பாஸ்டர்" என்று போதகர் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். போதகர் நெகிழ்ந்துபோனார். வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்கக் கணவரைத் தையல்காரரிடம் இழுத்துப்போனதும் அவளே.

"உங்க அண்ணி திருந்திட்டா" என்றார் டயர்க் கடைக்காரர் தம் தங்கையிடம்.

"எதுக்கும் கொஞ்சம் பாத்து இருண்ணா" என்றாள் தங்கை.

பொறுப்பேற்கும் ஞாயிறு வந்தது. தம் ஏற்புரை கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமென்று ஆராதனை தொடங்குமுன்பே காலரில் குட்டி மைக்கை மாட்டிக்கொண்டுவிட்டார். மூப்பர் என்பவர் சாந்தமானவராய், சண்டைக்குப் போகாதவராய், தன் வீட்டை நன்றாக நடத்துகிறவராய் இருக்க வேண்டும் என்று போதகர் தகுதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் டயர்க் கடைக்காரர் தலை தாழ்த்தினார், எல்லாம் தம்மைப் பார்த்து எழுதியதுபோல.

அடுத்தது வீட்டுச் சாட்சி. வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்பதற்காக அங்கே அப்படியொரு வழக்கம். மனைவி எழுந்து, சபை கேட்க 'ஆமாம்' என்று வாயால் சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் போதகர் புது மூப்பரின் தலையில் கை வைத்து ஜெபிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல நடந்துவந்த காரியம் என்பதால், தீர்மானம் போட்டபோது ஒருவருக்கும் இது ஞாபகத்தில் இல்லை. டீச்சருக்கு இருந்தது.

"டீச்சரம்மா, இவர் வீட்டை நல்லா நடத்துறாரா?"

எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். கணவரை ரொம்பப் பணிவாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வார்த்தை போதும்மா."

விரல் அசையவில்லை.

"அவங்க எப்படிப் பேசுவாங்க, பாஸ்டர்? இவர் போட்ட சட்டம்தானே!" என்றார் ஆண்கள் பக்கமிருந்த எலக்ட்ரீஷியன்.

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. போதகருக்கு வியர்த்தது. "சரி, இன்னைக்கு மட்டும் நான் அனுமதி தர்றேன்." அவள் மோவாயால் கணவரைக் காட்டினாள். தலை அவரல்லவா? அவர் சொல்லட்டும்.

டயர்க் கடைக்காரர் சபைக்கு ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு, பல்லிடுக்கில் அவளிடம் சீறினார். காலர் மைக் தன் கடமையில் தவறவில்லை.

"சொல்லித் தொலைடி! மானத்தை வாங்காத. வீட்டுக்கு வா, வாயைக் கிழிக்கிறேன்!"

நான்கு ஒலிபெருக்கிகளும் அதைச் சுத்தமாக அறிவித்தன. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு "ஆமென்" என்றார்.

அவள் விரலை எடுத்தாள், உட்கார்ந்தாள். தலையில் வைக்க வேண்டிய கையைப் போதகர் அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பாட்டு ஒண்ணு பாடுவோம்" என்றார். அந்தப் பாட்டில் எல்லோரையும் மீறிக் கேட்டது டீச்சரின் குரல்தான்.

திரும்பும் வழியில் வண்டி சிக்னலில் நின்றபோது அவர் கேட்டார். "பழி வாங்கிட்டல்ல?"

"நானா? நான் வாயே தொறக்கலையே!"

அவர் குரலை இறக்கினார். "சரி, அந்தத் தீர்மானத்தை நானே வாபஸ் வாங்குறேன். வகுப்பையும் நீயே எடு. அடுத்த தடவை பாஸ்டர் கேட்டா, சொல்லுவதானே?"

"ஓ, சொல்றேனே" என்றாள் அவள், முக்காட்டை நிதானமாக மடித்தபடி. "பேசலாம்னு ஆயிட்டா ஒரு வார்த்தையோட ஏங்க நிறுத்தணும்? நீங்க வீட்டை எப்படி நடத்துறீங்கன்னு ஆதியிலேருந்து சொல்றேன்."

சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.