சாவி யார் கையில்

லிஃப்டின் கதவு இடுக்கில் வாயை வைத்து, "மூச்ச வீணாக்காதீங்க டீச்சர், வந்துட்டோம்," என்று கத்தினான் பிளையர். மேலிருந்து விசில் ஊதுவதுபோல் இழுபட்ட மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. டீச்சருக்கு ஆஸ்துமா. தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்ஹேலரை வீட்டிலிருந்து எடுத்துவந்து வாட்ச்மேன் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே கொடுக்க இடுக்கு போதவில்லை.

பிளையர் என்பது அக்கா வைத்த பட்டப்பெயர். பிடித்தால் விடமாட்டான் என்று. அக்காவின் புருஷன்தான் லிஃப்ட் மெக்கானிக், இவன் அவருக்குக் கையாள். அத்தான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கீழ்க்கதவை நெம்பித் திறந்து டார்ச் அடித்தார். பெயின்டர்கள் மறந்துவிட்டுப்போன சாரப்பலகை ஒன்று லிஃப்டுக்கும் சுவருக்கும் இடையே ஆப்படித்ததுபோல் சிக்கியிருந்தது. அடியில் இருக்கும் குழிக்குள் யாராவது இறங்கி அதைப் பிடுங்க வேண்டும். தலைக்குமேல் லிஃப்ட் தொங்கிக்கொண்டிருக்கும்.

"நான் இறங்குறேன்," என்றார் அத்தான்.

"இந்தக் காலோடயா?"

"இந்தக் காலுக்குக் குழி என்ன புதுசா?"

இரண்டு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு குழியில்தான் அந்தக் கால் நசுங்கியது. அவர் உள்ளே மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி ஊன்றி வேலை செய்துகொண்டிருந்தபோது லிஃப்ட் தானாக இறங்கிவிட்டது. லிஃப்டை இயக்கும் மின்பேனல் பழுது என்றார்கள். பழைய பேனல், யாரும் சந்தேகப்படவில்லை. ஆபரேஷன்மேல் ஆபரேஷன், உள்ளே ஒரு இரும்புக் கம்பி. ஆரம்பத்தில் அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். போதகர் ஜெபிக்க வந்தால் தூங்குவதுபோல் நடிப்பார். பிறகு ஒரு காலையில், பிளையர் அவர் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் "ஸ்தோத்திரம்" என்றார். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம். ஊன்றுகோலுக்கு, கஞ்சிக்கு, மழை வருவதைக் கம்பி முன்கூட்டியே சொல்வதற்கு. "காலு போச்சு, இவருக்கு நன்றி மட்டும் வளந்துக்கிட்டே போகுது," என்று அக்கா சிரிப்பாள். பிளையருக்கு மட்டும் ஒவ்வொரு ஸ்தோத்திரமும் ஊசிபோல் இறங்கும்.

அத்தானைக் குளிப்பாட்டியது அவன். அவருடைய கருவிப்பெட்டியைச் சுமந்தது அவன். ஞாயிற்றுக்கிழமை தோள்கொடுத்து கோயிலுக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். ஆனால் பாவத்தை அறிக்கையிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து நாளில் அவரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அவன் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவான். வயிற்றெரிச்சலாம். "அப்பம் ஒரு விள்ளல், ரசம் ஒரு சொட்டு. அதுக்கு எரியுதாடா உனக்கு?" என்று அக்கா குத்துவாள். அந்த விபத்துக்குப் பிறகு அவன் எந்த மெயின் சுவிட்சையும் தொட்டதில்லை.

அத்தான் அணைத்த சுவிட்சில் பூட்டைப் போட்டார். குழிக்குள் இறங்குகிறவன் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், வெளியே ஏறி வந்து அவனே திறக்க வேண்டும். இது அவர்கள் தொழிலின் முதல் பாடம். அத்தான் சாவியை எடுத்துப் பிளையரின் உள்ளங்கையில் வைத்தார்.

"அத்தான், இது முறையில்ல. நீங்களே வச்சுக்கோங்க."

"குழிக்குள்ள விழுந்தா யாரு தேடுறது? பிடி."

அவருடைய சட்டைப்பைக்குப் பொத்தான் இருந்தது. அதை இருவரும் பார்த்தார்கள். மேலே டீச்சரின் இருமல் வறண்டு உடைந்தது. அத்தான் கம்பி வைத்த காலை முதலில் தொங்கவிட்டு இருட்டுக்குள் சறுக்கினார்.

பிளையர் சுவிட்சுக்கு முதுகைக் காட்டி நின்றான். பிறகு அதுவும் பயமாக இருந்ததால் திரும்பி நின்று பூட்டையே பார்த்தான். கீழே மரம் கிறீச்சிட்டது. சாவியை இறுக்கிக்கொண்டு, எப்போது தொடங்கினோம் என்று தெரியாமலே ஜெபித்துக்கொண்டிருந்தான். வெகுநாளாக அவன் மறந்துபோயிருந்த வேலை அது. பலகை வெளியே வந்து விழுந்தது. பின்னாலேயே புழுதி படிந்த அத்தானின் தலை வந்தது. கைகொடுத்துத் தூக்கினான். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இப்ப போடு," என்றார்.

பிளையர் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டான். லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்கியது. கதவு திறந்ததும் வாட்ச்மேன் இன்ஹேலரோடு பாய்ந்தார். டீச்சர் உறிஞ்சினாள், மறுபடி உறிஞ்சினாள், சுவரில் சாய்ந்து இருவரையும் பார்த்துக் கும்பிட்டாள். அவள் முகத்தில் நிறம் திரும்புவதை அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஸ்தோத்திரம்," என்றார்.

கருவிகளை அடுக்கும்போது பிளையர் தலைநிமிராமல் கேட்டான். "சாவிய ஏன் என்கிட்ட குடுத்தீங்க?"

அத்தான் படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டார். "குழிக்குள்ள படுத்திருக்கறவனுக்குக் காது நல்லா கேக்கும் மாப்ள. அன்னைக்குப் பூட்டு போடாம இறங்கியிருந்தேன். நான் வெளிய வந்துட்டேன்னு நெனச்சு நீ சுவிட்ச் போட்டது கேட்டுச்சு. அப்புறம் நீ அலறிக்கிட்டே ஓடிவந்து அணைச்சதும் கேட்டுச்சு. லிஃப்ட் என் நெஞ்சுக்கு ஒரு சாண் மேல நின்னுச்சு. போட்டதுக்காக கொஞ்ச நாள் உன்னைச் சபிச்சேன். இப்ப தினமும் ஸ்தோத்திரம் சொல்றேனே, அது, நீ அணைச்சியே, அதுக்கு."

பிளையர் கையை விரித்தான். உள்ளங்கை நடுவில் சாவியின் பற்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.