விலாவில் ஒட்டாத சாணி

எங்கள் லாயத்தின் வாசல் பலகையில் 'முழுப் பராமரிப்பு' என்று எழுதியிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். குதிரை உங்களுடையது, மற்றதெல்லாம் என் தலையெழுத்து. நீங்கள் வருவீர்கள், ஏறுவீர்கள், நாலு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிப் போய்விடுவீர்கள். தீனி, தண்ணீர், சாணி, குளம்பில் சிக்கிய கல், போர்வை போடுவது, போர்வை எடுப்பது எல்லாம் நான். விடிவதற்கு முன் உள்ளே நுழைந்தால், இருட்டிய பிறகுதான் என் முதுகு எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

கூட இருப்பது என் நாத்தனார், கணவரின் அக்கா. முட்டி வீங்கிப்போய், எழுந்து நடக்கவே யோசிக்கிற மனுஷி. அதனால் போன் பேசுவது, தீனி வரவழைப்பது, குதிரைச் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது அவர் பொறுப்பு. கணவர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், வீட்டுக்கு வந்தாலும் விருந்தாளி மாதிரிதான். ஆக, இந்தப் பெரிய குடும்பத்தில் இரண்டு கால் உள்ளவர்கள் நாங்கள் இருவர்தான். அதிலும் ஒருவருக்குக் கால் சரியில்லை.

கடைசி அறையில் இருப்பவன் மாப்பிள்ளை. அந்தப் பேரை வைத்தது நான். செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. தீனி கொஞ்சம் தாமதித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், தண்ணீரில் ஒரு துரும்பு மிதந்தால் வாய் வைக்கமாட்டான். மாப்பிள்ளை முறுக்கு என்று சும்மாவா சொல்கிறார்கள். அவனுடைய சொந்தக்காரி ஒரு பல் டாக்டர். வாரக் கடைசியில் வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்புறம் கண் விலாவுக்குப் போகும்.

"என்னம்மா இது, எப்பப் பாத்தாலும் இந்தப் பக்கம் ஒரே அழுக்கா இருக்கு?"

மத்தியானமானால் சாணியில் படுத்துவிட்டு எழுந்து நிற்கிறவனை நான் என்ன செய்ய? தேய்த்துத் தேய்த்து என் தோள் கழன்றதுதான் மிச்சம்.

ஒரு நாள் காலையில் சாணி வண்டியைத் தள்ளும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பார்த்துவிட்ட நாத்தனார் அன்றைக்குச் சும்மா விடவில்லை.

"மனுஷியா நீ? கடைசி ரூம் வாசல்ல வாளியக் கவுத்துப் போட்டு, அந்த நாத்தத்துல உக்காந்து திங்கறே. இனிமே மத்தியானம் வீட்டுக்கு வா. மேஜையில உக்காந்து சாப்பிடு. கொஞ்ச நேரம் கட்டையச் சாய்."

"வேலை கெடக்கு அண்ணி."

"அது எங்க ஓடிடப் போகுது? நீ விழுந்தா உன்ன வண்டில வச்சுத் தள்ள எனக்குக் கால் இருக்கா?"

வாதாட எனக்கும் தெம்பில்லை. அன்றிலிருந்து மத்தியானம் லாயக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். சுடச்சுடச் சாப்பாடு, உட்கார நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. படுத்தால் தூக்கம் வராது, ஆனால் காலை நீட்டுவதே பெரிய சுகமாக இருந்தது. நாத்தனார் மேல் எனக்கிருந்த பழைய கோபத்தில் பாதி அந்த மேஜையிலேயே கரைந்துபோனது.

கூடவே இன்னொரு நல்லதும் நடந்தது. மாப்பிள்ளை சுத்தமாகிவிட்டான். விலாவில் ஒரு பொட்டுச் சாணி கிடையாது. பிரஷை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், பளபளவென்று நிற்பான். ஒருவழியாக இவனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பல் டாக்டர்கூட என் கையைப் பிடித்து, "இப்பத்தாம்மா பாக்க நல்லா இருக்கு" என்றார். அவர் முன்னால் நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

அதற்கப்புறம்தான் அவன் விழ ஆரம்பித்தான். சும்மா நின்றுகொண்டிருப்பான். தலை தாழும், கண் செருகும், முன்னங்கால் இரண்டும் மடங்கும், தரையில் முட்டியதும் திடுக்கிட்டு எழுந்துகொள்வான். கணுக்களில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. ஒரு தடவை தீனித் தொட்டியில் மோதி நெற்றி கிழிந்தது. குதிரை மருத்துவர் வந்து ரத்தம் எடுத்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்றார். யார் மேலாவது விழுந்தால் ஆள் தேறமாட்டார், குணம் தெரியாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் அவனுக்கும் நல்லது என்றார். சனிக்கிழமை வந்து முடிவு சொல்வதாகப் பல் டாக்டர் அழுதுகொண்டே போனார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வைக்கோலைக் கனமாகப் பரப்பினேன். பக்கத்து அறைக்கு ஒரு சாதுவான கிழட்டுக் குதிரையை மாற்றிப் பார்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. ஊசிக்குக் கொடுக்கவா இவனை இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன் என்று நினைத்தபோது, தொட்டியைக் கழுவிக்கொண்டே அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவர் மறுபடியும் வந்தார். ரத்தத்தில் ஒரு குறையும் தெரியவில்லை என்றார். கிளம்பப் போனவர் ஏதோ யோசித்து, அவன் விலாவைத் தடவியபடி நின்றார்.

"இவன் எப்பப் படுப்பான்?"

"மத்தியானம் சார். நல்லா நீட்டி நிமிந்து படுப்பான். எந்திரிச்சா விலா பூரா சாணி..."

அந்தச் சாணியைக் கடைசியாக எப்போது தேய்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"நின்னுக்கிட்டே கொஞ்சம் கண் அசரும். ஆனா நல்லாத் தூங்கணும்னா குதிரை படுத்தே ஆகணும்," என்றார் மருத்துவர். "தனக்குக் காவலா ஒருத்தர் இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் சில குதிரை படுக்கும். தூங்காமயே விட்டா நிக்கறப்பவே இப்படி மடங்கும். இத நான் மொதல்லயே கேட்டிருக்கணும். இங்க என்னத்த மாத்தினீங்க?"

அதே அறை, அதே தீனி, அதே தொட்டி. பக்கத்துக் குதிரையை மாற்றியதுகூட அவன் விழ ஆரம்பித்த பிறகுதான். ஒன்றுமே மாற்றவில்லை சார் என்றேன்.

நாத்தனார் லாய வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"மாறினது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். "நீ சாப்பிடற இடம்."

எனக்குச் சுரீரென்றது. நான் வாளியில் உட்கார்ந்து சாப்பிட்ட நேரம்தான் அவன் படுத்த நேரம். என்னை ஓர் ஆளாக யாராவது கணக்கில் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நல்லது செய்யறதா நினைச்சு..." என்று இழுத்தார் நாத்தனார்.

"விடுங்க அண்ணி. அந்த மேஜை எனக்கும் பிடிச்சுத்தானே இருந்துச்சு."

இன்றைக்கு இவன் படுத்துவிட்டால் பிழைத்தான், ஊசிப் பேச்சே வேண்டாம் என்றார் மருத்துவர். பல் டாக்டரிடமும் போனில் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் பழைய இடத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்ததும் மாப்பிள்ளை காதை நிமிர்த்தினான். மூக்கை என் தலைமேல் வைத்து மோந்தான். அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, காலை மடக்கினான். வெளியே காற்றில் எதுவோ தகரத்தில் மோதியது, உடனே எழுந்துவிட்டான்.

"படுடா ராஜா," என்றேன். "நான் எங்கயும் போகல."

ஒரு வாய் சாப்பிட்டேன். அவன் மறுபடி சுற்றினான், மறுபடி மடக்கினான், தொப்பென்று உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மோவாயை வைக்கோலில் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தான். பிறகு மொத்த உடம்பையும் பக்கவாட்டில் சாய்த்து, நாலு காலையும் நீட்டிவிட்டான். குறட்டை வந்தது. நான் டப்பாவை மூடிவிட்டு, சத்தம் வராமல் அழுதேன்.

அழுகை ஓய்ந்ததும் தூக்கம் சொக்கியது. எனக்குக் கட்டிலில் வராத தூக்கம், அந்த நாற்றத்தில், அந்த வாளியில் வந்தது. நான் தூங்கினால் இவன் எழுந்துவிடுவான் என்று தொடையைக் கிள்ளிக்கொண்டேன். யாரோ தோளைத் தொட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு நாத்தனார் வந்து நின்றிருந்தார்.

"நீ கண்ண மூடு," என்றார் மெதுவாக. "நான் நிக்கறேன்."

"உங்க முட்டி..."

"முட்டிய நான் பாத்துக்கறேன். அவனுக்குக் காவலுக்கு நீ இருக்கே. உனக்கு யாரு இருக்கா?"

பக்கத்தில் கிடந்த வைக்கோல் கட்டின் மேல் தலையைச் சாய்த்தேன். எவ்வளவு வருஷத் தூக்கமோ, அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது.

கண் விழித்தபோது மாப்பிள்ளை எழுந்து நின்று புல் தின்றுகொண்டிருந்தான். இடது விலா முழுக்கப் பச்சையும் பழுப்புமாகச் சாணி அப்பியிருந்தது. நாத்தனார் அதே இடத்தில் கதவில் சாய்ந்தபடி நின்றிருந்தார். வலிக்கிற காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தார். காதில் போன்.

"ஆமா டாக்டர், உங்க குதிரைதான். ஒரே அழுக்கு. பாக்கச் சகிக்கல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அழாதீங்கம்மா. நாளைக்கு வந்து பாருங்க."

பழக்க தோஷம், என் கை பிரஷுக்குப் போனது. நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேய்க்காதே. அந்தம்மா கண்ணால பாக்கட்டும்."