ஸ்பாசெனியாவின் அடக்கம், வியாழன் மூன்று மணி

என் கொல்லையில் நிற்கும் ஒன்பது பிளம் மரங்கள் மேல் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

எங்கள் டான்யூப் கரையூரில் பிறந்த எழுத்தாளர் மிலுதினின் யுத்தத்துக்கு முந்தைய நாட்களைப் படமெடுக்க, பெல்கிரேடிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்ததும் ரொட்டிக்கடை முன்னாலிருந்த லிண்டன் மரத்தில் கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு ஒன்றை ஒட்டினார்கள். மிலுதினின் தங்கை ஸ்பாசெனியா, வயது இருபது, அடக்கம் வியாழன் மூன்று மணி. 1938 என்றும் போட்டிருந்தது. அந்த மரத்தில் ஒட்டியதை எங்களூரில் யாரும் சந்தேகிப்பதில்லை. பெயரையும் நேரத்தையும் பார்ப்போம். வருடத்தை யார் பார்க்கிறார்கள்?

படகோட்டி ராதிவோய் பார்த்தார். அந்த வருடம் அவர் ராணுவ முகாமில் கிடந்தார். லீவு கிடைக்கவில்லை, அவளுக்கு ஒரு பிடி மண் போடவில்லை. அதற்கு முந்தைய கோடை முழுக்க அவர் படகில்தான் அவள் கால்களை நீரில் விட்டபடி அண்ணன் எழுதியதை உரக்கப் படிப்பாள். பிடிக்காத பக்கங்களை ஆற்றோடு விட்டுவிடுவாள். மிலுதினின் புத்தகங்கள் மெலிந்திருப்பது அதனால்தான்.

"அது சினிமாக்காரன் ஒட்டினது, ராதிவோய்," என்றாள் பக்கத்து வீட்டுக் கோசரா. "பெட்டிக்குள்ள எவளோ நடிகை."

"அப்புறம் நீ எதுக்கு அடக்கத்துக்குக் கோதுமை அவிக்கிற?"

"மரத்துல போட்டிருக்கே. வெறுங்கையோடவா போவாங்க?"

வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் நாற்பது பெண்கள், நாற்பது கிண்ணம் இனிப்புக் கோதுமை, இரண்டு பாதிரிகள். பாதிரிகளில் ஒருவர் நிஜம். கூலிக்கு அழ அழைத்து வந்தவர்களை இயக்குநர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பெட்டியை மூடும் முன்பே, ஓடிக்கொண்டிருந்த காமிராவுக்குக் குறுக்கே ராதிவோய் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நுழைந்தார்.

"பெரியவரே, உள்ள வராதீங்க," என்றான் உதவி இயக்குநர்.

"சும்மா இரு தம்பி. நாப்பத்தொன்பது வருசம் லேட்டு. நீ இன்னும் லேட்டாக்காத."

குனிந்து மண்ணை அள்ளினார். "ஸ்பாசெனியா, கேப்டன் லீவு தரல. சொல்லாம ஓடி வந்திருக்கலாம். வரல."

போட்டார். பெட்டிக்குள்ளிருந்து, கண்ணைத் திறக்காமலே, நடிகை முணுமுணுத்தாள்: "பரவாயில்லங்க. மண்ணு வாயில விழுது."

ராதிவோய்க்கு முதல் வார்த்தையே போதுமாயிருந்தது. கோசராவின் கோதுமையை மூன்று கரண்டி தின்றுவிட்டு, துடுப்பு வலித்து அக்கரைவரை பாடிக்கொண்டே போனார்.

நகராட்சிப் பதிவேட்டின்படி மிலுதின் தன் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.