நாலு கோடு சிக்னல்

எங்கள் வீட்டில் குளியலறை ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். எதிரே பன்னிரண்டு மாடிக் கட்டடம் எழும்பியதிலிருந்து, பதினாலு மாதமாக இப்படித்தான். ஜன்னல் கம்பியில் ஒரு சோப்பு டப்பாவைக் கட்டி, அதில் போனை நிறுத்தி வைத்திருக்கிறோம். கையில் எடுத்தால் கட்டாகிவிடும். அதனால் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, சோப்பு டப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

"இந்த வீட்டுல பக்கெட்டுதான் சிம்மாசனம். ஏறினவன் பேச்சுதான் எடுபடும்" என்பார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறார், ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். ஒருமுறை தெருவில் நின்று போன் கம்பெனிக்குப் புகார் செய்தார். கொஞ்சம் வெளியே வந்து பேசிப் பாருங்கள் என்றார்களாம். "வெளியதாம்மா நிக்கிறேன். இனி நாட்டை விட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நாட்டை விட்டுப் போனவர் அப்பா. இரண்டு வருடமாக வேறு நாட்டில், மீனும் இறைச்சியும் உறைய வைக்கும் ஒரு கிடங்கில் வேலை. வெள்ளிக்கிழமை கூப்பிடுவார். எத்தனை மணிக்கு என்பது அவர் கையில் இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி. நாலு மாடி இறங்கித் தெருவில் காத்திருக்க முடியாது. சோப்பு டப்பாவே கதி.

லைன் ஒரு நிமிடம் நின்றால் அதிசயம். அதனால் அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். "முதல்ல விஷயத்தச் சொல்லணும். சாப்டியா தூங்கினியா எல்லாம் நேரம் மிச்சமிருந்தா." முதலில் அம்மா, அடுத்து மாமா, கடைசியில் நான். நான் பக்கெட்டில் ஏறும்போது பெரும்பாலும் கொரகொரவென்று சத்தம் மட்டும்தான் இருக்கும்.

அப்பா கிளம்பிய மாதம்தான் நான் ஒன்பதாம் வகுப்பை விட்டு நின்றேன். அம்மா தைக்கும் சட்டைகளுக்குப் பொத்தானும் காஜாவும் என் வேலை. "ஆறு மாசம் அம்மாவுக்குக் கைகொடு கண்ணு, அப்புறம் சேத்துவிடுறேன்" என்றிருந்தார் அப்பா. இந்த வருடம் நூலகக் கட்டடத்தில், பாதியில் நின்றவர்களுக்குச் சாயங்கால வகுப்பு தொடங்குகிறார்கள். படிவம் வாங்கி நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும், போட்டுடறேன்" என்றாள் அம்மா.

மூன்று வெள்ளிக்கிழமைகள் என் முறை வருமுன் லைன் போனது. இரண்டு முறை மெசேஜ் எழுதி, சோப்பு டப்பாவில் வைத்து அனுப்பினேன். பதில் இல்லை. போய்ச் சேர்ந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். படிவம் கொடுக்க வரும் திங்கட்கிழமை கடைசி நாள்.

வியாழக்கிழமை எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் இரண்டு பேர் ஒரு கம்பத்தை நட்டு, வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் மதியம் தையல் மேசைமேல், கத்தரிக்கோலுக்குப் பக்கத்திலேயே போன் அடித்தது.

அம்மா பழக்கதோஷத்தில் கத்தினாள். "மோட்டார் ரிப்பேராச்சு, சரி பண்ணியாச்சு. முட்டிக்கு மாத்திரைய மாத்திட்டாங்க. என் தம்பிக்குச் சளி."

பத்து நொடியில் எல்லாம் தீர்ந்துவிட்டது. லைன் போகவில்லை.

"இன்னும் இருக்கா?" என்றார் அப்பா.

"இருக்குங்க."

"சரி."

"ம்."

அம்மா ஒரு பொத்தானை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "சாப்டீங்களா?"

"ஆச்சு."

மாமா எட்டிப் பேசினார். "மச்சான், நீங்க இருமறதுகூட பக்கத்துல இருமற மாதிரி கேக்குது. என்ன இருமல்?"

"குளிரு மாப்ள."

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன். அந்தப் பக்கம் யாரோ டம்ளரில் ஸ்பூனால் கலக்குவது கேட்டது. ஒரு குழாய் சொட்டியது. அப்பா மூக்கை உறிஞ்சினார்.

முதலில் விஷயத்தைச் சொன்னேன். "அப்பா, சாயங்கால வகுப்புல சேரட்டுமா? திங்கக்கிழமை கடைசி நாள். நீங்க சரின்னா அம்மா கையெழுத்துப் போடுவாங்க."

ஸ்பூன் நின்றது. "யாருப்பா, பொண்ணா?" என்று அங்கே யாரோ கேட்டார்கள். "ஆமா, படிக்கணும்ங்குது" என்றார் அப்பா, அந்த ஆளிடம், மெதுவாக. ஒருமுறை இருமினார்.

"ஹலோ" என்றார் பிறகு. "ஹலோ, ஒண்ணும் கேக்கலயே."

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"டவர் இல்ல போல, கண்ணு. கட்டாவுது. அடுத்த வாரம் பேசுறேன்."

போனைப் பார்த்தேன். நாலு கோடும் இருந்தன. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

"என்னடி சொன்னாரு?" என்றாள் அம்மா.

"கேக்கலயாம்மா. டவர் இல்லயாம்."

"நாலு கோடு நிக்குதே..." என்று தொடங்கிய மாமாவை அம்மா பார்த்தாள். அவர் எழுந்து, வேன் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

"அப்போ அடுத்த வாரம் கேளு" என்றாள் அம்மா.

"சரிம்மா."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சட்டையை என் பக்கம் தள்ளினாள். "இதுக்கு ஏழு. கடைசிப் பொத்தான மட்டும் ஒரு விரக்கட தள்ளித் தை. ஆளு பெருத்துட்டாராம்."

ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது.