துளசி நின்ற மூலை

1

இந்தக் கதை ஒரு தப்பான பாஸில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலைப் பெண்கள், கடற்பாலம் தாண்டி ஜார்ஜ் டவுனில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் ரமணி திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை இடது மூலைக்கு எறிந்தாள். அங்கே யாரும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டி உருண்டது. ஒருத்தியும் அவளைத் திட்டவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

2

முதல் வரைவில், அணியின் நட்சத்திரமான துளசியைச் சிங்கப்பூர் வேலைக்கு அனுப்பியிருந்தேன். (கோழைத்தனம். சிங்கப்பூர் போனவளோடு வாட்ஸ்அப்பில் பேசிவிடலாமே. ரமணி ஏன் இப்படி வெற்று மூலைக்கு எறிய வேண்டும்?) ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். துளசி செத்துப்போனாள். வேலை முடிந்து மழையில், மோட்டார் சைக்கிளில் பாலத்தின் மேல் வரும்போது, பின்னால் ஒரு லாரி

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

3

துளசி இடது மூலையில் நிற்பாள். ரமணி பார்க்காமலே எறிவாள். அடுத்த நொடி பந்து வலைக்குள் இருக்கும். ஒன்பது வருடப் பழக்கம். நானே எத்தனையோ முறை கைதட்டியிருக்கிறேன். அவள் போன பிறகு அந்த மூலையில் யாரும் கால் வைப்பதில்லை. அப்படி யாரும் சட்டம் போடவும் இல்லை. ஒதுங்கி ஒதுங்கி ஆடியே ஆறு ஆட்டங்கள் தோற்றார்கள்.

“அங்க யாரும் இல்லலா, ரமணி,” என்றார் கோச் ஹபீப் முகம்மது.

“தெரியும்ணே. கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது.”

4

(அடுத்து வரும் ஐனா மேல் எனக்கு நம்பிக்கையில்லை. கதையைக் காப்பாற்ற வந்தவள் மாதிரி இருக்கிறாள். ஆனால் பதற்றத்தில் ஷூ கயிற்றை மூன்று முறை அவிழ்த்துக் கட்டுகிறாள். அதனால் அவள் பெயரை அடித்துவிட மனம் வரவில்லை.)

கடைசி ஆட்டம். தோற்றால் கம்பெனி அணியைக் கலைத்துவிடும், கடிதமே வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஐனாவை இடது மூலையில் நிற்கச் சொன்னார் கோச்.

“நான் அங்க நிக்கலாமா, அக்கா?”

“நில்லு,” என்றுவிட்டு ரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று முழுக்க அந்த மூலைக்கு அவள் ஒரு பந்தும் எறியவில்லை. யாருமில்லாத இடத்துக்கு எறிந்து எறிந்து ஆட்டத்தைத் தொலைத்த அதே கை, அங்கே ஆள் வந்ததும் மறுத்துவிட்டது.

5

ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள். எட்டு விநாடி. ரமணி கையில் பந்து. இரண்டு பேர் அவளை மறிக்கிறார்கள்.

“அக்கா! ஓப்பன்! இங்க!”

முடிவு ஒன்று: ரமணி தானே கூடைக்கு எறிகிறாள், பந்து வளையத்தில் பட்டு

(வேண்டாம். இரண்டு பேரை மீறி எறிகிறவள் இல்லை ரமணி.)

முடிவு இரண்டு: ஐனாவுக்கு எறிகிறாள், வெல்கிறார்கள். இதை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். பந்து போய்ச் சேர்ந்த நொடியில் அது ஐனாவின் மூலை ஆகிவிடும். துளசிக்கு இந்த ஊரில் மிச்சமிருப்பது அந்த இடம் ஒன்றுதான். ரமணிக்கும் அது தெரியும். எறியாவிட்டால், துளசியோடு ஆடிய அணியே இருக்காது என்பதும் தெரியும்.

மூன்று விநாடி. ஐனா கையை உயர்த்தியபடி நிற்கிறாள்.

என்னால் அந்தப் பந்தை எறிய முடியவில்லை. துளசி ஆடி நீங்கள் பார்த்ததில்லை. நீங்களே எறியுங்கள்.