ஈரத் தலை

அத்தையின் இரண்டு விரல்கள் என் பின்னலுக்குள் நுழைந்தபோது நான் பால் பொங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். சோறு வெந்துவிட்டதா என்று பருக்கையை நசுக்கிப் பார்ப்பதுபோல், கழுத்தோரத்து முடியைப் பிடித்து நசுக்கினாள். பிறகு விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பூண்டும் வெற்றிலைச் சுண்ணாம்பும் கலந்த வாடை என் கழுத்தில் ஒட்டிக்கொண்டது.

"தலைக்கு ஊத்திகினியா?"

"ஆமா அத்த."

"இன்னிக்கி வியாழக்கிழமதான?"

பால் பொங்கியது. அடுப்பை அணைத்தேன். அத்தை விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு அறைக்கதவைப் பார்த்தாள்.

"தல நனஞ்சது ஒனக்கு. படுத்துக்கினு கீறது எம் புள்ள."

உள்ளே அவர் தும்மத் தொடங்கியிருந்தார்.

புருஷனோடு சேர்ந்த மறுநாள் காலை, தலைக்குக் குளிக்காமல் இந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் கால் வைக்கக்கூடாது. காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆனால் அம்மா என்றைக்கெல்லாம் தலை துவட்டிக்கொண்டு நின்றாள் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான், ஒரு பெண்ணின் ஈரத் தலையைத் தெருவே படிக்கும் என்று தெரிந்தது. பாத்ரூம் மேலே வெறும் சிமெண்ட் ஷீட்டு. ஐந்து மணிக்குத் தண்ணீர் மொள்ளும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு கீதா அக்கா கோலம் போட்டுக்கொண்டே என் தலையில் சுற்றிய துண்டைப் பார்த்துச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பு எனக்குக் கூச்சமாகவும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இப்போது ஈரத் துண்டின் புளித்த வாடை மூக்கில் ஏறினாலே அதை உருவிக் கொடியில் எறிந்துவிடுகிறேன்.

என் கணவர் கலைச்செல்வனுக்கு வருவது இன்ன நோய் என்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியவில்லை. சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் கண் எரியும், மூக்கு ஒழுகும். விடிவதற்குள் உடம்பு அடித்துப்போட்டது போலாகிவிடும். தொட்டால் சுடும். தெர்மாமீட்டரில் ஒன்றும் ஏறாது. அதைவிட மோசம் தலைக்குள் இறங்கும் மந்தம். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் தொலைந்துவிடும். "அது... அத எடு" என்று தண்ணீர்ச் சொம்பைக் காட்டுவார். நான்கு நாள், சில சமயம் ஐந்து நாள். பிறகு யாரோ போர்வையை உருவியதுபோல் எல்லாம் போய்விடும். ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் மிஷினில் நிற்பவர். அந்த மந்தத்தோடு போய் நின்றால் விரல் போய்விடும் என்று லீவு போடுவார். அந்த நாட்களில் மூக்குச் சிந்தக் கைக்குட்டை பற்றாது. பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கொடுப்பதும் நான்தான், கட்டிலடியிலிருந்து பொறுக்கி எடுத்துத் துவைப்பதும் நான்தான். கல்லில் போட்டால் வழுக்கும். சுடுநீரில் போட்டால் வெள்ளையாகத் திரண்டு மேலே மிதக்கும். அன்றைக்கு எனக்குத் தயிர் இறங்காது.

தை மாதம் கல்யாணம். டாக்டர்கள் டைபாய்டு என்றும் டெங்கு என்றும் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றும் ஆளுக்கொன்று சொல்லி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அத்தை என் தலையையும் அவர் தும்மலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள். சித்திரை முடிவதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இவ தல நனஞ்சா அவன் மூக்கு ஒழுவுது" என்று மதில் மேலாகக் கீதா அக்காவிடம் சொன்னாள். "இவ ஒடம்புல இன்னாவோ கீது. எம் புள்ளைக்கு கல்யாணத்துக்கு முந்தி ஒரு தும்மல் வந்து நான் பாத்ததில்ல." அவள் பார்த்திருக்க முடியாது. கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் அவர் வாலாஜாபாத்தில் சிநேகிதர் சாமுவேலோடு ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போனவர். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

வாலாஜாபாத் போகும் வழியில் ஒருவர் மந்திரிக்கிறார் என்று என்னைக் கூட்டிப்போனாள். அந்த ஆள் வாய் நிறையத் தண்ணீரை வைத்திருந்து என் முகத்தில் துப்பினான். வெற்றிலைச் சாறு கலந்த தண்ணீர். மூக்கோரமாக வழிந்து உதட்டுக்கு வந்தது. துடைக்கக்கூடாது, தானாகக் காய வேண்டும் என்றான். பஸ்ஸில் வரும்போது காய்ந்து தோல் இழுத்துப் பிடித்தது. என் கணவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி நெடுக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒருமுறை தலையை நனைக்காமல் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனேன். ஏழு மணிக்கு அவர் தும்மினார். அத்தை எழுந்து வந்து, நான் பிடித்துவைத்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு, நான் தொட்ட பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தாள். வேறொரு நாள் வெறும் வெள்ளிக்கிழமைக்காகத் தலைக்கு ஊற்றினேன். அன்று பொழுதெல்லாம் மகனுடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. "மாத்தர போட்டுக்கினு மறைக்கிறான், பொண்டாட்டிக்கோசரம்" என்றாள்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அழைத்துப்போகும் வழக்கப்படி நைனா வந்து என்னைக் காவாந்தண்டலத்துக்கு அழைத்துப்போனார். மாதம் முடிந்து திரும்பியபோது என் கணவரின் கன்னத்தில் சதை வைத்திருந்தது. "ஒரு மாசம். ஒரு தும்மல் கெடையாது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்று அத்தை எல்லோரிடமும் சொன்னாள். அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் அந்த ஆடி மாதம்தான். சோற்றில் உப்பு கூடினாலும் பேச்சு அங்கே போய் முடியும். நானும் நம்பிவிட்டேன். குளிக்கும்போது தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். யாரும் இல்லாதபோது என் ரவிக்கையின் அக்குள் பக்கத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். இருபத்து நான்கு வயதில் என் உடம்பை ஏதோ கெட்டுப்போன பண்டத்தைப் போல மூக்கைப் பிடித்துக்கொண்டு சுமந்தேன்.

ஐப்பசியில், இன்னும் வயிற்றில் ஒன்றும் இல்லையே என்று காஞ்சிபுரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அந்த டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மாதத்தில் எத்தனை நாள் சேர்ந்திருப்பீர்கள் என்று என்னிடம் கேட்டார். மேஜை மேல் இருந்த பிரஷர் பார்க்கும் மிஷினைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதல்தடவையாக ஒருவரிடம். அவர் சிரிக்கவில்லை.

"இது ரொம்ப ரொம்பக் கம்மி பேருக்கு வர்றதும்மா. நான் படிச்சிருக்கேன், பார்த்ததில்ல. ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல."

"என்னாலயா டாக்டர்?"

"உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தக் கடைசி நிமிஷம் அவர் உடம்புக்கு ஒத்துக்கல. நீங்க கூட இருந்தாலும் வரும், அவர் தனியா இருந்தாலும் வரும்."

சென்னையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் சீட்டை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வூட்ல இத பேசாத" என்றார். மூன்றாம் நாள் அந்தச் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து கூழாக என் விரலில் வந்தது. அதைப் பிழிந்து வேப்பமரத்தடியில் எறிந்தேன். டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் நம்பினேன். தனியாக இருந்தாலும் வரும் என்றால் ஆடியில் ஏன் வரவில்லை?

நான் இதைச் சொல்லத் தொடங்கிய அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் வந்த சனிக்கிழமை, சாமுவேல் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு அவரைப் பார்க்க வந்தார். அத்தை சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள். சாமுவேல் அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போர்வையை ஒரு இழுப்பு இழுத்தார்.

"இன்னா மச்சி, மறுபடியும் போர்வையா? தங்கச்சி, ஆடியில நம்ம ரூம்ல மூணு நாளு இப்டிதான் சுருட்டிக்கினு கெடந்தான். மூக்க தொடைக்கிறதுக்கு என் லுங்கிய கிழிச்சிட்டான். ஒருநாள்கூட கட்டாத லுங்கி."

"டேய்" என்றார் என் கணவர்.

"இன்னாடா டேய். லுங்கி எப்ப வாங்கித் தர்ற? கல்யாணத்துக்கு முந்தி கிழிச்சத நான் கேக்கல. அது பழசு."

காப்பி டம்ளர் என் கையில் இருந்தது. சுட்டது. அண்ணன் வாங்கிக் குடித்துவிட்டு, கம்பெனிக் கதை கொஞ்சம் பேசிவிட்டுப் போனார். ஆடியில் நான்கு நாள் ஓவர்டைம், ரூமிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று என் கணவர் எனக்குப் போன் செய்தது நினைவிருந்தது. ஜாக்கிரதையாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

"எவ்ளோ நாளா கீது இது?"

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "ரெண்டு வருஷமா. கல்யாணம் ஆனா சரியாப்பூடும்னு நெனச்சேன்."

"அத்த கிட்ட சொல்லுங்க. ஆடியிலயும் வந்திச்சின்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"இன்னான்னு சொல்றது? பொண்டாட்டி ஊர்ல இல்லாதப்ப எப்டி வந்திச்சின்னு கேக்காதா? தனியா இருக்கசொல்லோ ஆச்சின்னு பெத்தவகிட்ட எப்டிச் சொல்றது?" மூக்கை அழுந்தத் துடைத்தார். "அசிங்கம் மதி."

துடைத்த துணியை, பார்க்காமலே, பழக்கத்தில் என் பக்கம் நீட்டினார். பழக்கத்தில் நானும் வாங்கிக்கொண்டேன். அது வெதுவெதுவென்று இருந்தது.

அவர் தனியாக இருந்ததில் எனக்கு ஒரு அருவருப்பும் இல்லை. சாப்பிடும்போதெல்லாம் அத்தை அந்த ஆடி மாதத்தை எடுத்து என் இலையில் போட்டாளே, அப்போது பக்கத்தில் உட்கார்ந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே, அந்த வாயை நினைத்தேன். அந்த வாயோடு என் வாயை வைத்திருக்கிறேன். பின்பக்கம் போய் மூன்று முறை கொப்பளித்துத் துப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நைனா வந்தார். அத்தைதான் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள். பிளாஸ்டிக் சேரின் விளிம்பில், எழுந்திருக்கத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். கீதா அக்கா உறை மோர் வாங்க வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என் கணவர் எதிரே இன்னொரு சேரில், காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு இருந்தார். மூக்கு முழுக்க அடைத்திருந்ததால் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"பொண்ண இட்டுக்கினு போங்க சம்மந்தி" என்றாள் அத்தை. "எம் புள்ள உசுரோட இருக்கணும். ஒடம்புல கீற கோளாற சரி பண்ணிட்டுக் கொணாந்து வுடுங்க. சரியாவலன்னா அங்கியே இருக்கட்டும்."

"இன்னா கோளாறு சம்மந்தி? கல்லு மாதிரி வளந்த பொண்ணு."

"அத என் வாயால வேற சொல்லணுமா? பத்தாவதோட நின்னுட்டு எட்டு வருஷம் வூட்டுக்குள்ளயே கெடந்தவளாச்சே. இன்னா நோவ மூடி வச்சிக் கட்டிக் குடுத்தீங்களோ."

நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. ஒரே ஒரு கணம்தான். ஆனால் இருந்தது. என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு அவர் வண்டியில் ஏறினால், இந்த நோய் என்னுடையது என்று இரண்டு ஊரும் முடிவு செய்துவிடும். அவளுக்கும் அதே ரத்தம்தானே என்பார்கள்.

"நீங்க சொல்லுங்க" என்றேன் என் கணவரிடம். அந்தக் கூடத்தில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். "ஒரு மாசம் போய் இரு மதி. அப்பறம் பாக்கலாம்."

உள்ளே போனேன். துணி எடுத்து வைக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் பின்பக்கம் பாத்ரூமுக்குப் போய், புடவையோடு உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். கார்த்திகைத் தண்ணீர். முதல் சொம்பில் மூச்சு நின்றது. அண்டாவில் சொம்பு முட்டும் சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று மொண்டேன். துண்டு எடுக்கவில்லை. அப்படியே கூடத்துக்கு நடந்து வந்து நடுவில் நின்றேன். மணி பன்னிரண்டு இருக்கும்.

"இன்னாமே இது, பட்டப்பகல்ல?" என்று அத்தை எழுந்தாள்.

பின்கழுத்து முடியை ஒதுக்கி அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். பற்கள் அடித்துக்கொண்டன. "மோந்து பாருங்க அத்த. புதன்கிழமைக்கி அப்பறம் அவர் பக்கத்துல நான் படுக்கல. இப்ப தல நனஞ்சிதான கீது." நைனாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆடியில என் தல காவாந்தண்டலத்துல இருந்திச்சி. அப்ப சாமுவேல் அண்ணன் ரூம்ல மூணு நாளு ஜொரம் எப்டி வந்திச்சின்னு அவர கேளுங்க."

அத்தையின் கை என் கழுத்துவரை வந்து, தொடாமல், அங்கேயே நின்றது. எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். கீதா அக்கா கிண்ணத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

என் முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்ட் தரையில் தேங்கி, தரையின் வாட்டத்துக்கு ஒரு கோடாகப் பிரிந்து, அவர் சேரை நோக்கி ஓடியது. தரையில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் கால் கட்டைவிரலைத் தொட்டது. அவர் காலை எடுக்கவில்லை. அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. பேசுவதற்காகத் திறந்திருக்கிறதா, மூச்சுக்காகத் திறந்திருக்கிறதா என்று தெரியாமல், தலை சொட்டச் சொட்ட, அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.